வைஃபைக்குப் பூட்டு

இராஜாக்கமங்கலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கும் சிலுவைதாசன், இத்தனை நாள் திறந்து கிடந்த கடை வைஃபைக்கு அன்று பாஸ்வேர்ட் போட்டார். அந்தப் பக்கம் வேறு சிக்னல் சரியாகக் கிடைக்காது. காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவர் தொண்டை வறண்டுவிட்டது.

"சுவத்துல எழுதி ஒட்டலாம்லா அண்ணே," என்றாள் கடையில் வேலை பார்க்கும் பிரிஜா.

"வேண்டாம். வந்து கேக்கட்டும்."

"கேக்குற எல்லாருக்கும் சொன்னா அது என்ன பூட்டு? திறந்து கிடக்கதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் எதிரே பஸ் நிறுத்தத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மத்தியானம், அலுப்பில் அவர் கண் சொருகும் நேரம். தினமும் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே வெளிநாட்டில் இருக்கும் கணவனோடு வீடியோவில் பேசும் பெண், கைக்குழந்தையுடன் ரோட்டைத் தாண்டி வந்தாள். போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"பாஸ்வேர்ட் என்னது?"

காலையிலிருந்து ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தை சிலுவைதாசனுக்கு வாயில் வரவில்லை. தன் கல்யாணத்துக்கு வர மறுத்த அப்பாவிடம், நாலு வருடத்துக்குப் பிறகு மகள் பேசிய முதல் பேச்சு அது.

நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல்ல இரி மக்கா. பிள்ளைய இங்க தா. சொல்லுதேன்."