பாதிக் கனவு

புயலில் தம்பி கஸ்பாரைப் பறிகொடுத்ததிலிருந்து மிக்கேலுக்குக் கண்ணை மூடினாலே அலைதான். வாராவாரம் கைபேசித் திரையில் வந்த டாக்டர் கடைசியில், "கனவுல பாதிய யாராவது வாங்கிக்கிட்டா பாரம் குறையும்" என்றார். மனைவி பிரகாசி யோசிக்கவே இல்லை, தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். அந்தக் கரையில் பெண்கள் படகேறும் வழக்கமில்லை, அவளும் ஏறியதில்லை.

மத்தியானம் இருவரும் பாயில் படுத்தார்கள். கைபேசியில் டாக்டர் மெல்ல எண்ண எண்ண, அறைக்குள் கடல் பச்சையாக ஏறி வந்தது. கடலில் விழுந்த கஸ்பாரின் இடுப்பில் கட்டிய கயிற்றை மிக்கேல் படகிலிருந்து வழக்கம்போல் இழுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிரகாசி, சேலை நனைய உட்கார்ந்திருந்தாள்.

அவன் அலறி எழுந்தான். அவள் வெகுநேரம் கழித்துத்தான் கண் திறந்தாள்.

"பாத்தியா? நாந்தான் கயித்த விட்டுட்டேன்."

"நீங்க எப்பவும் பாதியிலயே முழிச்சிருவீங்க. நான் கடைசி வரைக்கும் இருந்தேன்" என்றாள் பிரகாசி. "படகு கவுந்துரும்னு கஸ்பாரே முடிச்ச அவுத்துட்டான். அந்த முனை லேசான பெறகும் நீங்க இழுத்துக்கிட்டேதான் இருந்தீங்க."