டான்யூப் தினத்துக்கு யார் வருவா?

“ஆத்துக்கெல்லாம் ஒரு நாளா? யாரும்மா வருவா?” என்று மேயர் போன வருடம் விழாவை நடத்தும் ஸ்னெஜானாவிடம் கேட்டார். அன்று கரையில் ஆறு பேர்தான் நின்றார்கள். இந்த வருடமும் கூட்டம் சேராவிட்டால் டான்யூப் தினத்தையே நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

விழா அன்று காலை பக்கத்து வீட்டு டோங்கா மூச்சிரைக்க வந்தாள்.

“உன் விழா அம்பேல்டி! ஊர் பூரா கம்பத்துக்குக் கம்பம் மரண அறிவிப்பு. பத்து மணிக்குப் படித்துறையில அஞ்சலியாம். எல்லாரும் அங்கதான் கிளம்புறாங்க.”

“யாருக்காம்?” என்று கேட்டாள் ஸ்னெஜானா.

“பேரும் இல்ல, படமும் இல்ல. ‘நம் எல்லோரையும் வளர்த்த உயிர்’னு மட்டும் போட்டிருக்கு.”

“நீயும் போறியா?”

“போகாம? யாருன்னு தெரியலேன்னா தலையே வெடிச்சிடும்!”

பத்து மணிக்குப் படித்துறை கொள்ளாத கூட்டம். ஊர் வழக்கப்படி, இறந்தவருக்கென்று எல்லார் கையிலும் இரட்டைப்படையில் பூக்கள். ஸ்னெஜானா கறுப்புச் சட்டமிட்ட படத்தின் துணியை விலக்கினாள். எண்ணெய் படர்ந்து, மீன்கள் செத்து மிதக்கும் டான்யூப். அறிவிப்பை ஒட்டியவள் அவள்தான்.

“அடிப்பாவி!” என்றாள் டோங்கா. அடிக்க வருவார்களோ என்று ஸ்னெஜானா ஒரு படி பின்வாங்கினாள்.

மேயர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். வெகுநேரம் படத்தையே பார்த்தார். பிறகு குனிந்து, தான் கொண்டுவந்த இரண்டு பூக்களையும் ஆற்றில் விட்டார். அவளை ஏறிட்டுப் பார்க்காமல் படியேறிப் போனார்.