பிப்ரவரி முப்பது

பிறந்த தேதியே வரிசை எண்ணாக அமைந்த நோட்டுகளைத் தேடிப்பிடித்து விற்பவர் இருதயராஜ். கடைக்கு வந்த பெண் 300291 என்று எழுதி நீட்டினாள்.

"பிப்ரவரிக்கு ஏதும்மா முப்பது?"

"தெரியும் சார். நான் ஆசிரமத்து வாசல்ல கிடந்தவ. சர்டிபிகேட்ல இருக்கிறது அவங்களா போட்ட தேதி. இது நானா எடுத்துக்கிட்டது. வேற யாரும் சொந்தம் கொண்டாட முடியாதுல்ல?"

நாள்காட்டியில் இல்லாத தேதிகளை அவர் செலவழித்துவிடுவார். காலையில் டீக்குக் கொடுத்த நோட்டில் இதே எண்ணைப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது.

"உக்காரும்மா" என்றவர் செருப்புகூட மாட்டாமல் டீக்கடைக்கு ஓடினார். கல்லாவில் அது இருந்தது. மாற்றிக்கொள்ளச் சட்டைப் பையைத் துழாவினார். எவர் கேட்டும் விற்காத, தன் பிறந்த தேதி நோட்டு மட்டுமே இருந்தது. எடுத்து நீட்டினார்.

டீக்கடைக்காரர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் பத்து ரூபாதானே அண்ணே?"