தனி வீட்டுச் சாவி

எதிர் வீட்டில் சாயங்காலமானால் மாமியாரும் மருமகளும் கதவைச் சாத்திக்கொண்டு கத்துவார்கள். எங்கள் ஜன்னல் திறந்திருந்தது காற்றுக்காகத்தான்.

"உங்க ரசனையே மட்டம், அத்தை!"

"நேத்து வந்தவ நீ, எனக்குச் சொல்ல வந்துட்டியா?"

இதை மகன் காதில் போட்டது தெருதான். பாவம், அலைந்து திரிந்து தனி வீடு பார்த்துவிட்டான்.

"அடுத்த வாரம் தனியாப் போறோம். இனிமே நிம்மதியா இரு" என்று மனைவி கையில் சாவியை வைத்தான். அவள் கண் கலங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தான். அம்மாவும் மூக்கை உறிஞ்சியதும்தான் குழம்பினான்.

"தினமும் சண்டை போட்டீங்களே!"

"சண்டை யாருடா போட்டா? நீ சின்ன வயசுல விளையாடின வீடியோ கேமைப் பரண்லேர்ந்து எடுத்தோம். அதுல முதல் பாகம்தான் உசத்தியாம், இவ சொல்றா. ரெண்டாவது பாகம் கிட்ட அது நிக்குமா?"

"அத்தைக்கு முதல் பாகத்துல வர்ற பனிமலையைத் தாண்ட வரலைங்க. அந்தக் கடுப்புல பேசறாங்க."

மகனுக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டுமே சுமார்தான். மூணாவது பாகம் மாதிரி வருமா?"

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருமகள் சாவியை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"தனி வீட்டுக்கு நீ மட்டும் போ" என்றாள் அம்மா.