சரித்திர வகுப்பில் எரிமலை

டி.சி. வாங்க வந்த ஒரு தாயை ஒன்பதாம் வகுப்பு டீச்சர் இன்னும் உட்கார வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், ஹெட்மாஸ்டர் வெங்கடாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சேலத்திலிருந்து மாற்றலாகி ஏற்காட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி ஒரு டீச்சர் வந்து வாய்த்தாளே!

கொட்டச்சேட்டிலிருந்து வந்த அந்த ராசம்மாள் காலையில் சொன்னது அவருக்கு நியாயமாகத்தான் பட்டது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுக்கும் சமயம். மகள் சின்னத்தாயியும் கூட வந்தால் வீடு கொஞ்சம் நிமிரும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உடனே சம்மதித்து, வகுப்பு டீச்சர் ஜெயகுமாரியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

விறுவிறுவென்று வகுப்புக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

நடக்க வேண்டியது சரித்திரப் பாடம். ஆனால் மேஜை மேல் ஓட்டுத் துண்டில் ஆரஞ்சு நிறத் தூள் குவிந்திருந்தது. சயின்ஸ் லேபில் இருக்க வேண்டிய அம்மோனியம் டைகுரோமேட். கடைசி பெஞ்சில் ராசம்மாள். டீச்சர் தீப்பெட்டியை நீட்டியது சின்னத்தாயியிடம்.

சின்னத்தாயி குச்சியைக் கொளுத்தி, குவியலின் உச்சியில் காட்டிவிட்டு விலகினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தூள் சீறிக்கொண்டு கிளம்பியது. பொறி பறந்தது. பச்சைச் சாம்பல் பொங்கிப் பொங்கி, மேஜை மேல் ஒரு குட்டி மலையே எழும்பிவிட்டது.

ராசம்மாள் தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

"குச்சிய எடுத்துப்புட்டயே கண்ணு, அப்பறம் எப்படி எரியுது?"

"மொதல்ல சூடு காட்டறதுதாம்மா நம்ம வேலை. அது பிரியறப்ப அதுலருந்தே சூடு வரும். அந்தச் சூட்டுலயே மிச்சமும் எரிஞ்சுக்கும்."

ராசம்மாள் மகளை ஏதோ வெளியூர்ப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஏனுங்க டீச்சர், மேல படிச்சா இன்னும் இந்த மாதிரி இருக்குதுங்களா?"

"நொம்ப இருக்குதுங்கம்மா. இவ வந்தாத்தானே காட்ட முடியும்?"

"கையெழுத்து வேண்டாமுங்க. அவங்கப்பன்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஹெட்மாஸ்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ராசம்மாள் போய்விட்டாள். அவருக்கோ கோபம் இறங்கவில்லை. சரித்திர வகுப்பில் எரிமலைக்கு என்ன வேலை என்று கேட்டார். டீச்சர் மேஜை மேலிருந்த சாம்பலை ஒதுக்கத் தொடங்கினாள். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"இது எத்தனாவது தடவை?"

முதல் பெஞ்ச் மரியசெல்வி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"எங்கம்மா டி.சி. கேட்டு வந்தப்ப ஒருக்கா வெச்சாங்க சார்."

"எங்கப்பா வந்தப்பவும் சார்," என்று பெருமாள் எழுந்தான். அவனுக்குப் பின்னால் செங்கோடன். அப்புறம் ஜன்னலோரத்தில் இன்னொருத்தி.

வாங்காமல் போன டி.சி.க்கள் எல்லாம் எதிரே எழுந்து நின்றன. காலையில் தான் யோசிக்காமல் தலையாட்டியது நினைவுக்கு வந்து, வெங்கடாசலத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மேஜை மேலிருந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தார். அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது கொஞ்சம்தான்.

"டீச்சர், சேலத்துல ரெண்டு பாட்டிலாச் சொல்லி விடுங்க," என்றார். "காப்பி சீசன் இன்னும் முடியலீங்களே."