முதல் வரிசை

“சார், ஒரு நிமிஷம். ஐஸ் டப்பாவுல வெச்சிருக்கறது...”

“எல்லாம் எனக்குத் தெரியும்மா. நீ போ, போ!” என்று கையை வீசினார் பேராசிரியர். யாரையும் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லவிட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆராய்ச்சி மாணவி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மாடிப்படியை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடினாள்.

பாவம், பயத்தில் பெண்ணுக்கு வயிற்றைக் கலக்குகிறது போல என்று நினைத்துக்கொண்டார் அவர்.

கலக்காமல் என்ன செய்யும்? நிதிக்குழு வருகிறதே! போன தடவை அவர்கள் கண்ணெதிரிலேயே என்சைம் வேலையே செய்யாமல் மானத்தை வாங்கிவிட்டது. இந்தத் தடவையும் சொதப்பினால் ஆய்வகத்தை இழுத்து மூடிவிடுவோம் என்று குழுத் தலைவி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து பேராசிரியருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் வகுப்பில் முதல் வரிசையில் ஒரு ஈ காக்கைகூட உட்காராது. அதை மரியாதை என்றே இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தார் மனுஷர்.

குழு சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றது. “ஆரம்பிக்கலாமா சார்? நாங்க இன்னொரு இடத்துக்கும் போகணும்” என்றார் தலைவி. முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

மாணவியைக் காணோம். அவள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? நாமே செய்துகாட்டுவோம் என்று கையுறையை மாட்டிக்கொண்டார். கடைசியாக அவர் அதை மாட்டியது எந்தக் காலத்திலோ! அவள் எடுத்துவைத்திருந்த முகக்கவசத்தை மட்டும், “இது எதுக்கு? பேசுறது தெளிவாக் கேக்காது” என்று ஓரமாகத் தள்ளினார்.

மேஜைமேல் தாங்கியில் இரண்டு சோதனைக் குழாய்கள். இரண்டிலும் மாவுக் கரைசல், அயோடின் கலந்து நல்ல நீலமாக இருந்தது. ஐஸ் டப்பாவில் ஒரே ஒரு குப்பி. அதிலிருந்து சொட்டு எடுத்து ஒரு குழாயில் விட்டார்.

“என்சைம் மாவை உடைச்சதும் இந்த நீலம் மறைஞ்சிடும். அந்தக் குழாயை நாம தொடவே இல்லை, அது நீலமாவே இருக்கும்” என்றவர், சொட்டு விட்ட குழாயை மைக் மாதிரி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“பாருங்க மேடம், மனுஷ எச்சில்ல ஊறி, சாப்பிடுறதைச் செரிக்க வைக்கிற என்சைம் இது. ஆனா இதுல ஒரு மனுஷனோட வாயும் படலை! அந்த மரபணுவை பாக்டீரியாவுக்குள்ள புகுத்தி, அந்த பாக்டீரியாவையே தயார் பண்ண வெச்சிருக்கோம். சுத்தமோ சுத்தம்!”

ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் தலைவி ஒரு அடி பின்னால் போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அம்மா அசந்துபோய்விட்டார் என்று பேராசிரியருக்கு இன்னும் உற்சாகம் பிறந்துவிட்டது. மேலும் மேலும் பேசித் தள்ளினார்.

நடுவில் ஓரக்கண்ணால் குழாயைப் பார்த்தவருக்கு நாக்கு அப்படியே நின்றுவிட்டது. நீலம் வெளுத்து வெளுத்து, தடமே தெரியாமல் போயிருந்தது. தாங்கியில் இருந்த மற்றக் குழாய் நீலமாகவே இருந்தது.

கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். தலைவிகூடச் சிரித்துவிட்டார். “சும்மா சொல்லக் கூடாது சார், இந்த வேகத்தை நான் எங்கயும் பார்த்ததில்லை. உங்க திட்டம் தொடரட்டும்.”

பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, ஆய்வகம் பிழைத்தது! இனி நிம்மதியாகச் சாப்பிடலாம்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள் மாணவி. கையில் பனி படர்ந்த ஒரு குப்பி.

“சாரி சார்! கீழ இருக்கற ஃப்ரீசர் கதவு ஐஸ் பிடிச்சு இறுகிப்போச்சு. இந்தாங்க என்சைம். ஐஸ் டப்பாவுல இதைக் கரைக்கறதுக்கு வெறும் உப்புத் தண்ணிதான் வெச்சிருந்தேன். நீங்க ஒண்ணும் ஆரம்பிச்சிடலையே?”

தலைவி குழாயைப் பார்த்தார். பேராசிரியரின் வாயைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் ஒரு தடவை நன்றாகத் துடைத்தார்.

“புதுசா ஒரு குழாய் எடும்மா. சார் கொஞ்ச நேரம் வெளியில நிக்கட்டும்.”