ஒண்ணுவிடாமல் எண்ணியவர்

"பேசாதீங்க. எண்ணிட்டிருக்கேன்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தலையைத் திருப்பாமலேயே கையை உயர்த்தினார். எதிரே முக்காலி போல நின்ற இரும்புச் சட்டத்தில் கனத்த சுத்தியல் ஒன்று ஏறி ஏறி, தரைக்குள் இறங்கும் குழாயின் தலையில் தொம் தொம்மென்று விழுந்துகொண்டிருந்தது.

பொறியாளர் குடையை மடக்கிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு ஓரமாக நின்றாள். அவள் வந்தது வேவு பார்க்க.

அவளுடைய ஆபீஸ் ஒரு ஆஸ்பத்திரி கட்டப்போகிறது. அதற்கு முன்னால் குழி போட்டு மண்ணைச் சோதிக்க மூன்று கம்பெனிகள் விண்ணப்பித்திருந்தன. மூன்றின் காகிதங்களும் பளபளவென்று இருந்தன. அதில் ஒரு கம்பெனிக்கு இந்தத் தெருவில் வேலை நடக்கிறது என்று தெரிந்ததும், வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, விலாசம் தேடுகிறவள் போல நடந்தே வந்துவிட்டாள்.

காகிதத்தை நம்பி ஒருமுறை சூடு பட்டவள் அவள். பத்து வருஷத்துக்கு முன்னால் கட்டிய பள்ளிக்கூடத்தின் சுவர், இரண்டே வருஷத்தில் கை நுழையும் அளவுக்குப் பிளந்துகொண்டது. நல்லவேளை, அன்று பள்ளி விடுமுறை.

குழாய் ஒரு முழம் இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்பதை வைத்துத்தான் கீழே இருக்கும் மண்ணின் பலத்தைச் சொல்ல முடியும். அந்தப் பள்ளிக்கூடத்து எண்ணிக்கையை எவனோ லாட்ஜ் ரூமில் படுத்துக்கொண்டு எழுதியிருந்தான். அறிக்கையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டது இவள்.

சுத்தியல் நின்றது. நாற்காலிக்காரர் நீள நோட்டில் எழுதிவிட்டு, ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். கண்கள் இரண்டும் கோவைப்பழம் போலச் சிவந்திருந்தன.

"இப்பச் சொல்லுங்க. என்ன வேணும்?"

"வழி கேக்க வந்தேன். என்ன சார் எண்ணுறீங்க?"

"சுத்தியல் விழுறதைத்தான். ஒண்ணுவிடாம."

நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். 'காலை பத்து பன்னிரண்டுக்கு ஆரம்பம், முப்பத்தேழு அடி. கயிறு சிக்கியதால் நாலு நிமிடம் நிறுத்தம். மறுபடி நாலு அடி.' எழுத்து முத்து முத்தாக இருந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு நோட்டை அவள் பார்த்ததில்லை.

இருந்தாலும் சும்மா சீண்டிப் பார்த்தாள். "எதுக்கு சார் இவ்வளவு மெனக்கெடல்? ரூம்ல உக்காந்து உத்தேசமா எழுதினா யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் முகம் சுண்டிப்போனது. "உத்தேசமா எழுதினா எவன் மதிப்பான்? ஒரு எண் இடிச்சாலும் மொத்தத்தையும் குப்பையில போட்டுடுவாங்க. ஒன்பது நாளா எனக்கு இந்த நாற்காலிதான். உங்களுக்குப் பித்துப் பிடிச்சிருச்சுன்னு வீட்டுல சொல்லியாச்சு."

அதற்குள் தலைக்கவசம் போட்ட சூப்பர்வைசர் ஒருவன் செல்போனை நோண்டிக்கொண்டே வந்தான். "சார், இந்தத் தடவை எவ்வளவு?"

"நாப்பத்தொண்ணு. நேத்து மாதிரி நாப்பதுன்னு எழுதித் தொலைக்காதே."

"சரி சார்." பவ்யமாகத் தன் படிவத்தில் குறித்துக்கொண்டு போனான்.

அவன் போன திசையில் பார்த்தவளுக்குச் சுருக்கென்றது. மண் நிறைந்த குழாய்கள் வாயில் மெழுகு பூசாமல் வெயிலில் கிடந்தன. ஆய்வுக்கூடம் போய்ச் சேர்வதற்குள் ஈரமெல்லாம் காய்ந்துவிடும், அப்புறம் சோதித்து என்ன ஆகப்போகிறது? வேறொரு நாளாக இருந்தால் அதோடு திரும்பியிருப்பாள். ஆனால் மேலே இப்படி ஒரு மனுஷன் இருக்கும்போது, கீழே இருக்கிறவர்களை ஒரு அதட்டலில் சரிபண்ணிவிடலாம் என்று தோன்றியது.

"இந்தக் கணக்கை யார்கிட்ட கொடுப்பீங்க?"

"நேரா மேலிடத்துக்கு. நாளைக்குக் காலையில. நடுவுல ஒருத்தன் கை படவிடமாட்டேன்."

அந்தப் பதிலில் அவள் விழுந்தே விட்டாள். கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள்.

"சார், நான் வழி கேக்க வரலை. ஆஸ்பத்திரி கட்டப்போறது எங்க ஆபீஸ்தான், நான் அங்க இன்ஜினியர். மண் பரிசோதனைக்கு நம்பிக்கையான ஆளாத் தேடிட்டிருந்தேன். இனிமே தேடவேண்டாம். வேலை உங்களுக்குத்தான்."

அவர் அட்டையைத் தூரப் பிடித்து ஒருமுறை படித்தார். பக்கத்தில் கொண்டுவந்து இன்னொரு முறை படித்தார்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"இந்தத் தெருக்கோடியில காலி மனை இருக்கே, அங்கதான். மொத்தம் இருபத்துநாலு குழி, மூணு மாசம் ஆகும். ஒவ்வொரு குழிக்கும் நீங்களே உக்காந்து எண்ணணும். அது ஒண்ணுதான் என் நிபந்தனை."

"மூணு மாசமா?"

எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அவர் அதை நிமிர்த்தவில்லை. தெருவின் கோடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"மேடம், நான் எதிர்வீடு. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்கமுடியலைன்னு புகார் எழுதிட்டிருக்கேன்."